பொட்டலக் கணக்கும் எடைக் கணக்கும்

எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பது நிர்வாகத்தின் கணக்கு. கொடுத்ததால் உடம்பில் என்ன மாறியது என்பதே திறனாய்வின் கணக்கு. கிராம ஊட்டச்சத்துத் திட்டங்களை இந்த இரண்டாம் கணக்கில் சோதிக்கத் திருச்சி மாவட்டத்துத் துறையூர் நல்ல களம். கீழே நெல்லும் சின்ன வெங்காயமும் விளையும் சமவெளி, மேலே மலையாளிப் பழங்குடியினர் வாழும் பச்சைமலை.

1982 ஜூலை 1 அன்று இதே திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டத்தின் சாதனை அதன் வீச்சு. ஊருக்கு ஊர் அடுப்பெரிந்தது, பிள்ளைகள் பசியாறினார்கள். ஆனால் அது மையம்வரை நடந்து வரக்கூடிய பிள்ளைக்கான ஏற்பாடு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்தப் பந்தியில் இலை போடவில்லை.

அதற்கு ஈராண்டு முன்பே, உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அந்த வயதையே குறிவைத்தது. 6 முதல் 36 மாதம்வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் இணை உணவு, தேறினால் நிறுத்தம், கூடவே தாய்க்கு ஆலோசனை. முறையியலில் இதற்கு நிகரான செறிவு சத்துணவுத் திட்டத்துக்குக் கிடையாது என்பேன். கடும் ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது. நடுத்தரக் குறைவு அந்த அளவுக்கு அசையவில்லை. சரியும் குழந்தையைப் பிடித்து நிறுத்த அம்முறைக்குத் தெரிந்தது. வீட்டுச் சாப்பாட்டை மாற்றத் தெரியவில்லை.

வீட்டுச் சாப்பாடு மாறாத அந்தக் குறையின் தழும்பு இன்றைய நிலையிலும் தெரிகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. அதே ஆய்வில், 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. முந்தைய ஆய்வில் அது 50.7.

இந்தக் குறையைக் கிராமத்தில் கவனிக்க வேண்டிய துணை சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000 பேர் என்பது விதி. சலுகை நியாயமானதுதான், ஆனால் அது தலையை எண்ணுகிறது, ஏற்றத்தை எண்ணுவதில்லை. 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் இங்கே சரியாக யோசித்தது: சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளி மலையிறங்க வேண்டாம், மாத்திரை வீடேறட்டும். அங்கன்வாடிச் சத்துமாவும் வீட்டுக்குத்தான் போகிறது. அது யார் வயிற்றுக்குப் போனது என்பதை மட்டும் பொட்டலக் கணக்கு சொல்லாது. குழந்தையின் எடை சொல்லும், அதைப் படித்துத் தாயோடு உட்கார்ந்து பேச ஆளிருந்தால்.

பிரசவம்வரை நம் கிராமச் சுகாதாரம் முதல் தரம். அதற்கடுத்த ஈராண்டு ஊட்டத்தில் அது இன்னும் தேறவில்லை.