சபா வாசலில் யார் உட்காரலாம்?

பட்டினப்பாக்கத்தில் ஒரு பக்கம் எம்.ஆர்.சி. நகரின் நட்சத்திர ஓட்டல், குமாரராஜா முத்தையா அரங்கம். நடக்கிற தூரத்திலேயே சீனிவாசபுரம். குடியிருப்பும் வலையும் படகும். அரங்கத்துக்கு வருகிறவரும் சீனிவாசபுரத்துக்காரரும் பத்து நிமிஷம் சேர்ந்து உட்கார இடையில் ஒரு திண்ணைகூட இல்லை. கார் போர்ட்டிகோவில் இறக்கிவிடுகிறது, ஆள் ஏசிக்குள் போய்விடுகிறார்.

இந்த அரங்கத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சென்னையில் பெரிய சபாக்களின் வாசல் என்றாலே கார் நிறுத்துமிடம்தான். 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமிக்கு டி.டி.கே. சாலையில் 1962-இல் சொந்த அரங்கம் கிடைத்தது. மார்கழி மாலைகளில் அதன் முன்வெளி முழுக்கக் கார்களுக்கே. அதற்காக அகாடமியில் பொதுவெளியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேன்டீன் இருக்கிறதே! காலையில் கேட்ட வராளி ராகம் சரியா தவறா என்று மாமாக்கள் சண்டை போடுவதும், அமெரிக்காவிலிருந்து வந்தவர் பழைய சிநேகிதரைக் கண்டுபிடிப்பதும் அங்கேதான். காபி டம்ளரோடு நின்றபடி நடக்கும் அந்த விமர்சனம் இல்லாவிட்டால் சீசனே பாதியாகிவிடும். சபாக்கள் ரசிகர்களை ஒன்றுசேர்க்கவில்லை என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது.

ஆனால் யாரை? அகாடமியில் காலை விளக்கவுரைகளுக்கும் மதியக் கச்சேரிகளுக்கும் டிக்கெட் கிடையாது. எத்தனை பேருக்கு இது தெரியும்? தெருவில் போகிறவர் கண்ணில் படுவது மதில், காவலாளி, கார் வரிசை. உள்ளே இலவசமாகவே பாடினாலும் அது நமக்கில்லை என்று வாசலே சொல்லிவிடுகிறது.

மேற்கு மாம்பலம் அயோத்யா மண்டபத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆரிய கவுடா சாலையை ஒட்டியே இருப்பதால், ராமநவமிக் கச்சேரி நடக்கும்போது காய்கறிப் பையோடு வருகிறவர் ஓரமாக நின்று ஒரு கீர்த்தனை கேட்டுவிட்டுப் போகலாம். யாரும் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்பதில்லை. குறையும் உண்டு: ஆலாபனையில் நுணுக்கமான ஒரு சங்கதி வரும்போது ஆட்டோ ஹாரன் அடிக்கும். மூடிய அரங்கத்தின் அமைதிக்கு நியாயம் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். உள்ளே அந்த அமைதி, வெளியே இந்தத் தாராளம், இரண்டும் ஒரே வளாகத்தில் கிடைக்குமா என்பதே கேள்வி.

சிங்கப்பூர் எஸ்பிளனேடில் கிடைக்கிறது. 2002-இல் திறந்த அந்தக் கலையகத்தில் உள்ளே டிக்கெட் கச்சேரி, வெளியே நீர்க்கரையை ஒட்டிய திறந்த மேடையில் இலவச நிகழ்ச்சிகள். நம் வித்வான்களும் அங்கே நடக்கும் கலா உத்சவத்துக்குப் போய்ப் பாடுகிறார்கள். ஆனால் அந்த வெளியைத் தாங்குவது கட்டடம் அல்ல. ஆண்டு முழுக்க நிகழ்ச்சிக்கென்று ஒதுக்கும் பணமும் ஆட்களும்தான். நாம் கல்தரையை மட்டும் நகலெடுப்போம் என்பது என் பயம். சென்னையிலேயே உதாரணம் உண்டு: பாண்டி பஜாரில் 2019-இல் அகலப்படுத்திய நடைபாதையால் தி.நகர்க் குடும்பங்களுக்கு மாலையில் உட்கார இடம் கிடைத்தது, சின்ன லாபமில்லை. வண்டியே வராத வளாகம் என்று பேசியதோ பேச்சோடு நின்றது, வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பட்டினப்பாக்கத்தில் அரங்கத்தின் முன்னால் எல்லோரும் உட்கார ஒரு சதுக்கம் அமைப்பதென்றால், வெளிநாட்டு வரைபடம் சரிப்படாது. சித்திரை மதியம் நான்கு மணிக்குக் கருங்கல் தரையில் கால் வைக்க முடியாது. மார்கழி சீசனிலோ வடகிழக்குப் பருவமழை முழுதாக விடைபெற்றிருக்காது. ஓரத்தில் கூரை வேண்டும், உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசு வேண்டும். இரும்பு பெஞ்சு சீக்கிரமே துருப்பிடிக்கும். கல் திண்ணை நிற்கும். மாலை ஆறு மணிக்கு மேல்தான் கூட்டம் வரும், இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்தாக வேண்டும். இந்த நான்கு மணி நேரத்தை நம்பித்தான் வடிவமைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சோதனை மீன். கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரும் லூப் சாலையில் மீன் கடைகளை அகற்றுவது பற்றி 2023-இல் நீதிமன்றம் வரை விவகாரம் போனது; மீனவர்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024-இல் 366 கடைகளோடு நொச்சிக்குப்பத்தில் அங்காடி திறந்தார்கள். அழகுபடுத்துவது என்றாலே தங்களை அப்புறப்படுத்துவது என்று இந்தக் கரை மக்கள் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பட்டுப்புடவைக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்களே என்று வறுத்த மீன் விற்கும் அம்மாவை வெளியே தள்ளும் சதுக்கம், போர்ட்டிகோவின் நீட்சி மட்டுமே. 2015-இல் அடையாறு ஆற்றுக்குத் தெற்கே ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் தொடங்கிய விழாவில், கர்நாடக சங்கீதமும் பறையாட்டமும் குப்பத்து மேடையேறின. அது பெரிய காரியம். ஆனால் விழா முடிந்தால் விருந்தாளிகள் வீடு திரும்பிவிடுவார்கள். சதுக்கம் அன்றாடம் இருக்கும்.

கார்களை எங்கே நிறுத்துவது என்று சபாக்காரர்கள் கேட்பார்கள், நியாயம்தான். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் மெட்ரோ வேலை நடக்கிறது. ரயில் ஓடத் தொடங்கியதும் மந்தைவெளியிலிருந்து அரங்கத்துக்கு ஒரு மினி பஸ் விட்டால், நிறுத்துமிடத்தில் ஒரு பகுதியாவது மிஞ்சும். முதலில் அந்தப் பகுதியின் மதிலை இடிக்கலாம். இலவசக் கச்சேரி நாட்களில் வெளியே ஒரு திரையும், நேரம் எழுதிய பலகையும், சீனிவாசபுரத்துக்காரர் ஒருவரின் டீக்கடையும் இருக்கட்டும். கல்தரைக்கு டெண்டர் விடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.