கோயங்காவின் கரகரப்பு

பேச்சை நிறுத்தினால் காது கூர்மையாகிவிடும். ஹைதராபாத்தில் நாகார்ஜுனசாகர் சாலையிலுள்ள தம்ம கேத்த விபஸ்ஸனா தியான மையத்தில் பத்து நாள் மௌன முகாமில் இருந்தவர்களுக்கு இது தெரியும். 1976இல் தொடங்கிய மையம் அது. விடியற்காலை நாலரைக்குத் தியானம். அதன் கடைசிப் பகுதியில் ஒலிபெருக்கியில் எஸ்.என். கோயங்கா ஓதும் குரல் வரும். பர்மாவின் மண்டலேயில் 1924இல் பிறந்த வணிகர், விபஸ்ஸனா ஆசான்; 2013இல் மறைந்தார். குரல் பதிவில் தொடர்கிறது.

சுருதிப்பெட்டி கிடையாது, தாளம் கிடையாது. அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரல். பாலி வரி முடியும் இடத்தில் கடைசி எழுத்தை இழுப்பார். அது தேய்ந்து கரகரப்பாகும்வரை விடமாட்டார். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் ஒட்டாது. நாலு நாள் போனால் அந்த இழுப்போடு நம் மூச்சும் நீண்டு தணியும்.

வேடிக்கை என்னவென்றால், முகாமில் பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் தடை. இந்த ஓதல் மட்டும்தான் உண்டு, அதுவும் ரசிப்பதற்கல்ல. ஆனால் ரசிக்காமல் எப்படி இருப்பது? எல்லா உயிர்க்கும் நலம் வேண்டும் வாழ்த்து முடிந்ததும், கூடத்தில் பலர் 'சாது, சாது, சாது' (நன்று, நன்று, நன்று) என்பார்கள். தெலுங்கரோ தமிழரோ உருதுக்காரரோ, மௌனத்துக்கு நடுவே அவர்கள் சேர்ந்து சொல்லும் சொல் அது.