சாய்ந்த தங்கம்

ரோமுக்கு விருந்தாளி வந்தால் முதலில் வத்திக்கானைத்தான் கேட்பார்கள். அந்த வரிசையில் அவர்களே நின்றுகொள்ளட்டும். இந்த ஊரில் குடியேறியவன் என்ற உரிமையில் நான் கூட்டிப்போவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகக்கூடிய மூன்று பழைய தேவாலயங்களுக்கு. மூன்றிலும் பார்க்க வேண்டியது சில்லுகளைப் பதித்துச் செய்த மொசைக் ஓவியம்.

முதலில் சாந்தா புதென்சியானா. பீடத்துக்குப் பின்னால் உள்ள அரைக்குவிமாடத்தில் சுமார் 1,600 ஆண்டுப் பழைய வேலைப்பாடு. அரியணையில் இயேசு; சுற்றிலும் சீடர்கள், ரோமானிய செனட்டர்களைப் போல டோகா உடுத்தியவர்கள். முகங்களில் சதையும் நிழலும் தெரிகின்றன. 16-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தபோது ஓரத்துச் சீடர்கள் இருவரைக் காணாமல் ஆக்கிவிட்டார்கள். திருப்பணி என்ற பெயரில் நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான்!

இதை உச்சம் என்றும், பின்னால் வந்ததெல்லாம் சரிவு என்றும் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களை அப்படியே பக்கத்துத் தெருக்கள் வழியாக சாந்தா பிரசேதேவுக்குக் கூட்டிப்போக வேண்டும். போப்பாண்டவர் முதலாம் பாஸ்கல் (817–824) கட்டியது. இங்கே உருவங்கள் தட்டை. கண்கள் அகலம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எனக்கு இதுதான் உசத்தி.

ஏன் என்பது வலப்புறம் இருக்கும் புனித செனோ சிற்றாலயத்துக்குள் போனால் புரியும். சின்ன அறை. தலைக்கு மேலே எங்கும் தங்கம். நான்கு மூலைகளிலிருந்து நான்கு வானதூதர்கள் கைகளை உயர்த்தி, நடுவட்டத்தில் இருக்கும் இயேசுவைத் தாங்குகிறார்கள். நாணயம் போட்டால் விளக்கெரியும் பெட்டி ஒன்று உண்டு. அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும்.

தங்கச் சில்லு என்பது கண்ணாடித் துண்டு. அதன்மேல் தங்கத் தாளை வைத்து, இன்னொரு மெல்லிய கண்ணாடியால் மூடி உருக்கிச் சேர்த்தது. ஈரச் சாந்தில் ஒவ்வொன்றாகக் கையால் பதிக்கும்போது ஆளுக்கொரு பக்கம் சாய்கின்றன. அந்தச் சாய்வுதான் சூட்சுமம். நீங்கள் ஓரடி நகர்ந்தால் இங்கே அணைகிறது, அங்கே பற்றிக்கொள்கிறது. இந்தத் தளும்பும் வெளிச்சத்தில் நிழல் வைத்து முகம் வரைந்தால் எடுபடாது. தடித்த கோடும் தட்டையான நிறமும் இருப்பதால்தான் உருவம் கலையாமல் நிற்கிறது. சரிவு என்கிறார்களே, அது கைவராமல் வந்ததல்ல, வெளிச்சத்துக்கு இடம்விட்டதால் வந்தது.

அப்புறம் நாணயம் போடலாம். சில்லுகளின் தளும்பல் போய்விடும், விவரம் தெரியும். பாஸ்கலின் தாய் தெயோதோரா தெரிவார். அவர் தலைக்குப் பின்னால் வட்டம் இல்லை, நீலச் சதுரம். படம் செய்தபோது உயிரோடு இருந்தவர்களுக்கான அடையாளம் அது.

கடைசியாக சான் கிளெமென்தே. நண்பகலில் பல ஆலயங்கள் கதவடைத்துவிடும் என்பதால் நேரம் பார்த்துப் போக வேண்டும். இது 12-ஆம் நூற்றாண்டு. சிலுவையில் பன்னிரண்டு புறாக்கள். அதன் அடியிலிருந்து கிளம்பும் கொடி தங்கப் பரப்பு முழுக்கச் சுருள் சுருளாகப் படர்கிறது. கீழ் வரிசையில் ஒரு பெண் கோழிகளுக்குத் தீனி போடுகிறாள். இத்தனை புனிதத்துக்கு நடுவே அவளுக்கும் இடம் கொடுத்தவன் யாரோ, ரசிகன்.

விருந்தாளிகளுக்கு இதற்குள் கழுத்து வலித்திருக்கும். நிலத்தடியில் நாலாம் நூற்றாண்டுக் கோவிலும், அதற்கும் கீழே மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டிடமும் இருப்பதாகச் சொன்னால் உடனே இறங்கிவிடுவார்கள். அதற்கு டிக்கெட் உண்டு. வாங்கிக் கொடுத்துவிட்டு நான் மேலேயே இருந்துகொள்வேன்.