பொன்னியின் செல்வன்: ஏமாற்றம் எங்கே இருக்கிறது?

“நாவல் மாதிரி இல்ல டீச்சர், சப்புன்னு இருந்துச்சு.” பொன்னியின் செல்வன் படங்களைப் பற்றித் திறனாய்வு எழுதச் சொன்னால் முதலில் வாயால் வருவது இதுதான். தாளில் வரும்போது கொஞ்சம் சட்டை போட்டுக்கொண்டு வரும்: ‘எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்யவில்லை’, ‘மூலக்கதைக்கு நியாயம் செய்யவில்லை’, ‘வரலாற்றைத் திரித்துவிட்டார்கள்’. மூன்றையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டு, நடிப்பு, இசை, ஒளிப்பதிவு என்று அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இவை மூன்று வேறு வேறு குற்றச்சாட்டுகள். யாருடைய எதிர்பார்ப்பு, அதை யார் கிளப்பிவிட்டது என்று கேட்டால்தான் எது நிற்கும், எது நிற்காது என்று தெரியும்.

இந்தப் படத்துக்கு இருந்த எதிர்பார்ப்பு சாதாரணமானதல்ல. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக நூலான கதை. எம்.ஜி.ஆர். படமாக்க நினைத்து முடியாமல் போனது. அப்புறம் மணிரத்னம் எடுத்த முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-இலும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-இலும் வந்தன. இடைப்பட்ட காலத்தில் படித்த ஒவ்வொருவரும் மனத்துக்குள்ளேயே ஒரு படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்தோடு எந்த இயக்குநரும் போட்டி போட முடியாது.

இரண்டு படங்களும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். ஐந்து பாக நாவல் அதற்குள் அடங்காது, வெட்டித்தான் ஆகவேண்டும். மணிமேகலையை வெட்டினார்கள். நாவலின் முடிவே அவளுடைய மரணத்தில்தான் இருக்கிறது என்பதால் படித்தவர்களுக்கு வலிக்கும், நியாயம்தான். ஆனால் நாவலைத் தொடாத ஒருவர் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தால் அவள் இல்லாதது அவருக்குத் தெரியவே தெரியாது. படம் அவளைக் காட்டுவதாகச் சொல்லவும் இல்லை. ஆகவே ‘மணிமேகலை இல்லை, அது இல்லை, இது இல்லை’ என்று அடுக்குவது பட்டியலாகும், திறனாய்வாகாது. நம் நாட்டு மாணவர்களிடம் இன்னொன்றும் உண்டு. பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கடாரப் படையெடுப்பைத் தேடுகிறார்கள். அது அருள்மொழிவர்மனின் மகன் இராஜேந்திரன் காலத்தில், 1025-இல் நடந்தது. கல்கியின் கதையோ அருள்மொழி அரியணை ஏறும் முன்பே முடிந்துவிடுகிறது.

‘வரலாற்றைத் திரித்தார்கள்’ என்பது மூன்றிலும் மிகப் பலவீனமானது. நந்தினி கல்கியின் கற்பனை. ஊமை ராணியும் கற்பனை. சேந்தன் அமுதனும் அப்படியே. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பட்டியலில் இரவிதாசன் இருக்கிறான், நந்தினி இல்லை. மாணவர் நாவலை அளவுகோலாக எடுத்துக்கொண்டால் ‘நாவலிலிருந்து விலகுகிறது’ என்று எழுத வேண்டும். வரலாறு என்ற சொல்லைத் தூக்கினால் கல்கியும் சேர்ந்து மாட்டுவார்.

சரி, அப்படியானால் ஏமாற்றமே இல்லையா? இருக்கிறது. என் பார்வையில் பெரிய ஏமாற்றம் கிரீடம் கைமாறும் இடத்தில்தான்.

கல்கி இதற்கு முதல் பாகத்திலேயே விதை போடுகிறார். தஞ்சையில் வந்தியத்தேவனுக்குத் தங்க இடம் கொடுக்கும் சேந்தன் அமுதன் கோயிலுக்குப் பூத்தொண்டு செய்பவன். அதிகாரம் என்ற பேச்சே அவனிடம் இல்லை. ஐந்தாம் பாகத்தில் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் அவன்தான் என்று தெரிகிறது. எல்லாரும் அருள்மொழியின் தலையில் வைக்கக் காத்திருந்த மகுடம் பூக்குடலை சுமந்தவன் தலைக்குப் போகிறது. கேட்காதவனுக்குக் கொடுக்கிறான், அதனால்தான் அந்தப் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்ற பெயர் பொருந்துகிறது.

படத்தில் சேந்தன் அமுதன் வருகிறான், ஆனால் சின்ன வேடம். குழந்தை மாறிய கதை கிடையாது. ரகுமான் நடித்த மதுராந்தகனே கடைசி வரை மதுராந்தகன். இந்த மாற்றம் தவறில்லை. சொல்லப்போனால் வரலாற்றுக்கு இதுதான் நெருக்கம். இராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர்தான். சிக்கல் வேறு இடத்தில். படத்தின் மதுராந்தகன் அரியணை தனக்குத்தான் என்று தாயிடமே சண்டை போட்டவன், சதிக்கூட்டத்தில் உட்கார்ந்தவன். இப்படிக் காட்டிய பிறகு ஒரு கேள்வி தானாக எழும்: இவ்வளவு ஆசைப்பட்டவனிடம் அருள்மொழி ஏன் கிரீடத்தைக் கொடுக்க வேண்டும்? அந்தக் கேள்வியைக் கிளப்பியது நாவல் அல்ல, படம். பதில் சொல்லவேண்டிய கடமையும் படத்துக்குத்தான். அங்கே போய் அவசரப்படுகிறார்கள். மதுராந்தகன் மனம் மாறுவதை நாம் கூட இருந்து பார்ப்பதில்லை; அதனால் தியாகம் நடக்கும்போது அறிவிப்பு கேட்டதுபோல இருக்கிறது.

இதற்கு நேர்மாறு கடம்பூர் அரண்மனைக் காட்சி. கல்கி அங்கே விளக்கை அணைத்து, யார் கை என்று நம்மை அலைய விடுகிறார். படம் அந்த மர்மத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கரிகாலனையும் நந்தினியையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. “மர்மம் போச்சே சார்” என்று ஆதங்கப்படுபவர்கள் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தை மறுபடி பார்க்கலாம். இருவரின் இளவயதுக் காதலில்தான் அது ஆரம்பிக்கிறது. அங்கே கொடுத்த வாக்கைக் கடம்பூரில் விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் காப்பாற்றிவிடுகிறார்கள். நாவலிலிருந்து இவ்வளவு தூரம் விலகியும் ஏமாற்றாத காட்சி அது.

‘சப்புன்னு இருந்துச்சு’ என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. கல்கியின் குரல். நடுநடுவே வாசகரைக் கூப்பிட்டு, கிண்டல் பண்ணி, ‘அவனை அப்புறம் பார்ப்போம்’ என்று கைப்பிடித்து நடத்திப் போவாரே, அந்தத் துணை படத்தில் இல்லை. கமல்ஹாசன் குரல் முன்கதை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கார்த்தியின் குறும்பும் ஜெயராமின் ஆழ்வார்க்கடியானும் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறார்கள், முழுக்க இல்லை. மாணவர்கள் பாத்திரங்களைத் தேடுகிறார்களே தவிர, தாங்கள் இழந்தது கதைசொல்லியை என்று எழுதுவதில்லை. எழுதினால் அந்தத் தாள் தனியாகத் தெரியும்.

‘படம் எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்யவில்லை’ என்பதற்குப் பதில், ‘அரியணைக்காகத் தாயையே எதிர்த்தவனாக மதுராந்தகனை அறிமுகப்படுத்திய படம், அவன் மாறியதைக் காட்டாமல் மகுடம் சூட்டுவதால் அருள்மொழியின் தியாகம் வலுவிழக்கிறது’ என்று எழுதப் பழக்கலாம். வாக்கியம் நீளம்தான், ஆனால் சான்று உள்ளேயே இருக்கிறது. முதல் பாகத்தில் தாயும் மகனும் மோதும் காட்சியையும் இரண்டாம் பாகத்தின் முடிசூட்டு விழாவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும். நாவலைப் படிக்காத மாணவர்களை முதலில் பேசவிடுங்கள்.