கரையும் காலமே உரைகல்

அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கரில் எழுந்து, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியின் நெடுநாள் பணிகளுள் ஒன்று, உலோகத்தை அரிமானத்திலிருந்து காப்பது. திசுப் பொறியியல் கேட்பதோ இதற்கு நேர்மாறானது: உடலுக்குள் வைத்த பொருள் அழிய வேண்டும், அதுவும் உரிய காலத்தில். முப்பரிமாண அச்சில் உருவாகும், செல்கள் பற்றி வளர்வதற்கான திசுச் சாரக்கட்டுக்குரிய, இருவகை அலகுகளைக் கோத்த கோபாலிமர்களை இந்த நிபந்தனையை வைத்தே எடைபோட வேண்டும்.

இவற்றின் பெரும்பலம் விகிதம். பாலிலாக்டிக் அமிலம் விறைப்பானது, எளிதில் முறியும். பாலிகேப்ரோலாக்டோன் நெகிழ்வானது, ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே உருகுவதால் அச்சிடவும் எளிது. ஆனால் உடலில் முழுதும் கரைய இரண்டு ஆண்டுக்கு மேலாகும். இரண்டின் அலகுகளையும் ஒரே சங்கிலியில் கோத்தால் வலிமை, நெகிழ்ச்சி, கரையும் வேகம் மூன்றையும் தேவைக்கேற்ப மாற்றலாம். இதேபோல் லாக்டைடு, கிளைகோலைடு அலகுகளைக் கோத்த கோபாலிமர் 50:50 விகிதத்தில் ஓரிரு மாதங்களில் சிதையும். 85:15 ஆனால் ஐந்தாறு மாதம் தாங்கும். கரையும் தையல்நூல்கள் பல பத்தாண்டுகளாக இந்த வேதியியலை மெய்ப்பித்து வருகின்றன.

ஆனால் நூல் மெல்லியது. எலும்புக்கான சாரக்கட்டு தடிமனானது. சிதைவில் பிறக்கும் அமிலம் தடித்த பகுதிகளின் உள்ளே தேங்கிச் சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. சுற்றியுள்ள திசுவில் அழற்சியையும் தூண்டலாம். எடை குறையும் முன்பே வலிமை போய்விடுவது இன்னும் பெரிய சிக்கல்: பார்வைக்கு முழுதாக இருக்கும் சாரக்கட்டு சுமை தாங்காது. அச்சு இயந்திரத்தின் வெப்பமும் காற்றின் ஈரமும் சங்கிலியை அறுக்கின்றன. கிருமிநீக்கத்திற்கு நீராவியைப் பயன்படுத்தினால் பாலிகேப்ரோலாக்டோன் மிகுந்த கலவை உருகிவிடும். காமாக் கதிர் சங்கிலிகளைத் துண்டாக்கும். ஆய்வகத்தில் வடிவமைத்த பொருளும் மருத்துவர் கையில் சேரும் பொருளும் ஒன்றல்ல.

ஆய்வு முறையின் குறை இங்கேதான். நேர்த்தியான துளைகளின் நுண்ணோக்கிப் படமும் ஒரு வாரச் செல் வளர்ப்பும் போதுமென்று பல ஆய்வுகள் நின்றுவிடுகின்றன. எலும்பு வளர மாதங்கள் வேண்டும். அச்சிட்டு, கிருமிநீக்கமும் செய்த துண்டை உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸ் கரைசலில் அத்தனை மாதமும் வைத்து, மூலக்கூறு எடை, வலிமை, அமிலத்தன்மை மூன்றையும் சேர்த்து அளக்க வேண்டும்.

இதற்கான அறிவு நம் பக்கத்திலேயே இருக்கிறது. பொருள் சிதைவதை அளக்கும் மரபு சிக்ரியிடம் உண்டு. கொலாஜன் என்னும் திசுப் புரதத்தைக் கையாண்ட அனுபவம் சென்னைத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திடமும், மருத்துவக் கருவிகளைச் சோதிக்கும் அனுபவம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திடமும் உண்டு. இவை கைகோத்து நீண்டகால அளவீட்டை ஆய்வின் முதல் நிபந்தனையாக்கினால், இந்தக் கோபாலிமர்களை நோயாளியின் உடலில் நம்பி வைக்கலாம்.