கூட்டமும் படமும்

“படம் பொய் சொல்லாது” என்பது நம்மவரிடை வழங்கும் ஒரு நம்பிக்கை. பழைய நூலெதையும் ஆராயாது ஏற்றல் தகாதென்று பறைசாற்றுவோரும், ஒரு நிழற்படத்தைக் கண்டவுடன் தம் அறிவைக் கைவிட்டு விடுகின்றனர். படமும் ஒரு நூலே. எடுத்தவன் எங்கு நின்றான், எதை விடுத்தான் என வினவாது அதனைப் பயில்வது கற்றார்க்கு அழகன்று.

2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், ஞாயிறு இரவு, சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரத்தில், தமிழகத்துக் கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்தில் அகப்பட்டு மாண்டார். அதன்பின் ரேஸ் கோர்ஸ் சாலையில் மூண்ட கலவரத்தைக் கைத்தொலைபேசியாற் படமெடுத்தோர் பலர். உலகம் கண்டவை எவை? எரியும் ஆம்புலன்சு; கவிழ்ந்த காவல் வண்டி; ஆம்புலன்சினின்று இறங்கியோடும் காவலர். தீயொளியில் மனிதர் கருநிழல்களாகவே தோன்றினர், முகமில்லை. முகமில்லாதார்க்குப் பெயர் சூட்டல் எளிது. அன்றிரவு விடுதியில் உறங்கிக் கிடந்தவனையும் சேர்த்துக் “குடியர், காடையர்” என ஏசினோர், சாங்கி முதல் ஜூரோங் வரை, நம் தமிழரிலும் இருந்தனர்.

அக்காட்சிகளைக் கால முறையே அடுக்கிப் பார்த்தபோது வேறொரு கதை புலப்பட்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலமைந்த விசாரணைக் குழு 2014-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. சினம் முதலிற் பேருந்தின் மீதும் அதன் நேரக்காப்பாளர் மீதும் பாய்ந்தது. மீட்க வந்தோர் அடிபட்டவரைக் கவனியாது ஓட்டுநரையும் நேரக்காப்பாளரையும் காக்கின்றனர் எனப் பிழைபடக் கருதிப் பலர் கொதித்தனர். மதுவும் அதனோடு சேர்ந்தது. கல்லெறிந்தது குற்றமே, அதை மூடி மறைப்பதற்கில்லை. ஆயின் எறிவோரைத் தடுக்க முயன்றவரும் அதே கூட்டத்தில் இருந்தனர். காவலர் ஒரு வேட்டும் சுடாது கூட்டத்தைக் கலைத்தனர். எரியும் வண்டியின் ஒற்றைப் படத்தில் இவையெல்லாம் அடங்குமோ?

நிற்க. இதற்கு நேர்மாறான படங்களும் உள. தோட்டப்புறத்து அன்பர்கள் மறந்திரார். 2007-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், ஹிண்ட்ராப் அழைப்பையேற்றுக் கோலாலம்பூரில் திரண்டு, காந்தியார் படத்தை உயர்த்தி நின்றோர் மீது இரசாயனங் கலந்த நீர் பீய்ச்சப்பட்டது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. கூட்டத்தினுள் நின்று படமெடுப்பவனுக்கும் அதே புகை, அதே கண்ணெரிச்சல். ஆதலின் அவன் படம் ஆடும், மங்கும். காவலர்க்குப் பின்னின்று எடுத்த படமோ தெளிவாயிருக்கும். ஆனால் நீர் எத்திசையினின்று வந்தது என்பதை நனைந்தவன் படமே காட்டும்.

ஆயினும் இப்படங்களையும் பூசிக்க வேண்டா. காந்தியாரைக் காட்டியவை, தோட்டம் விற்கப்பட்டதால் வீடிழந்து வெளியேறிய குடும்பங்களைக் காட்டவில்லை. கூட்டம் ஏன் கூடிற்று என்பதைப் புகையும் நீரும் மறைத்துவிட்டன.

சிங்கப்பூரில் 2018-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, கொடிய நிகழ்ச்சிகளின்போது படமெடுப்பதையும் பரப்புவதையும் தடுக்கக் காவல்துறைக்கு அதிகாரமளிக்கிறது. காவலரின் நகர்வைப் பயங்கரவாதி அறியலாகாது என்பது காரணம், அது நியாயமே. உடனே பரப்பாதே என்பதை யாமும் ஏற்போம். எடுக்கவே எடுக்காதே என்பதை ஏற்க மனம் ஒப்பவில்லை. தேக்காவில் அன்றிரவு நின்றவர் எவரும் படமெடுக்காதிருந்தால், விசாரணைக் குழுவின்முன் அத்தொழிலாளர் பக்கத்தைச் சொல்ல எது எஞ்சியிருக்கும்?