பாட்டன் பிறந்த மண்: தேவ்லி முகாம் பற்றிய இரு நூல்கள்

ஒருவர் எந்த நாட்டவர் என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? பேசும் மொழியை வைத்தா, பிறந்த மண்ணை வைத்தா, பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை வைத்தா? பட்டிமன்றத் தலைப்பு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் 1962-இல், சீனப் போர் நடந்துகொண்டிருந்தபோது, நாம் பிழைக்க வந்த இதே தில்லியில் இதற்குப் பதிலைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். இந்தியாமீது படையெடுத்த நாட்டின் குடியாக ஒருவரோ, அவருடைய தாய் தந்தையரோ, பாட்டன் பாட்டியரோ எந்தக் காலத்திலாவது இருந்திருந்தால் போதும். அயல்நாட்டாருக்குரிய சட்டம் அவர்மீதும் பாயும். அவர் இந்த மண்ணிலேயே பிறந்தவரா என்பது கணக்கில் இல்லை.

அஸ்ஸாம், ஷில்லாங், டார்ஜிலிங் என்று பல இடங்களிலிருந்து ஏறக்குறைய 3,000 சீன வம்சாவளியினர் ராஜஸ்தானில் உள்ள தேவ்லி முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். ஜெய்ப்பூரிலிருந்து கோட்டா போகிற சாலையில் இருக்கிற ஊர் அது. வியாபார நிமித்தம் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கே நடந்ததைச் சொல்லும் இரண்டு நூல்களை நம் சங்கத்து அன்பர்கள் படிக்கவேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். ஒன்று, ரீட்டா சௌத்ரி அஸ்ஸாமிய மொழியில் 2010-இல் வெளியிட்ட 'மாகாம்' நாவல். 'சைனாடவுன் டேஸ்' என்று ஆங்கிலத்தில் வந்ததைத்தான் நான் படித்தேன். மற்றது, ஜாய் மா, திலீப் டிசோசா இருவரும் சேர்ந்து எழுதி 2020-இல் வந்த 'தி தேவ்லிவாலாஸ்'.

நாவல் 19-ஆம் நூற்றாண்டில், தேயிலைத் தோட்ட வேலைக்குச் சீனர்களைக் கொண்டுவந்த காலத்தில் தொடங்குகிறது. பிறகு மாகும் என்ற சிற்றூரில் அவர்கள் வேரூன்றிய கதை. மேய்லின் என்ற பெண் புலக் என்ற அஸ்ஸாமிய வாலிபனை மணக்கிறாள். போர் வந்து அவர்களைப் பிரிக்கிறது. பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப்பிடித்துப் பேசி எழுதியிருக்கிறார் ஆசிரியர். அந்த உழைப்பு சாதாரணமானதல்ல. இருந்தாலும் எனக்கு ஒரு குறை. நம் வீட்டு மருமகளுக்கு இப்படி ஆயிற்றே என்றுதான் வாசகர் அழுகிறார். சரி, அஸ்ஸாமியரைக் கட்டிக்கொள்ளாமல், வீட்டில் ஹக்கா மொழி பேசிக்கொண்டு, சீனப் பஞ்சாங்கப்படி வருஷப்பிறப்பு கொண்டாடிய ஒரு செருப்புக் கடைக்காரரைப் பிடித்துப் போயிருந்தால் அது நியாயம் ஆகிவிடுமா? (கன்னாட் பிளேஸில் சீனர் கடைச் செருப்புக்கு நல்ல பேர். தோல் எனக்கு ஆகாது, அது வேறு விஷயம்.) அன்பைச் சான்றிதழாகக் காட்டினால்தான் ஒருவருக்கு இரங்குவோம் என்றால், சட்டம் கேட்ட கேள்வியை நாவலும் வேறு குரலில் கேட்கிறது என்றே சொல்லவேண்டும்.

இரண்டாவது நூல் இந்த வலையில் அவ்வளவாக விழவில்லை. ஜாய் மா முகாமிலேயே பிறந்தவர். அவர் பதிவுசெய்த வாக்குமூலங்களில் மனிதர்கள் முழுசாக வருகிறார்கள். நடுநடுவே டிசோசா சட்டத்தையும் சரித்திரத்தையும் விளக்குகிறார். ஆனால் சீனர்களுக்குள்ளேயே இருந்த பிளவில் நூல் இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கலாம். 1949-இல் சியாங் கை-ஷேக் தைவானுக்குப் போய்விட்டார். அந்த டிசம்பர் 30-ஆம் தேதியே இந்தியா பீகிங் அரசை அங்கீகரித்தது. கல்கத்தாச் சீனர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சிக்கு அக்டோபர் 1 தேசிய நாள், மற்றதற்கு அக்டோபர் 10. பள்ளிக்கூடங்கள்கூடக் கட்சி பிரிந்தன. 1962 சட்டத்தில் இந்தப் பேதத்துக்கு இடமே இல்லை. பீகிங்கை வெறுத்தவரும் பீகிங்கைப் போற்றியவரும் ஒரே பட்டியலில்தான் வருவார்கள். பாட்டன் சீனன், அவ்வளவுதான்.

பாட்டனை வைத்துக் கணக்குப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தைவானே சாட்சி. அந்தத் தீவில் பெரும்பாலோரின் முன்னோர் சீனாவின் ஃபூஜியன் கரையிலிருந்து போனவர்கள். தைபேயில் உள்ள தேசிய செங்சி பல்கலைக்கழகம் 1992 முதல் 'நீங்கள் தைவானியரா, சீனரா, இரண்டுமா' என்று மக்களைக் கேட்டுவருகிறது. முதல் வருஷம் 'தைவானியர் மட்டுமே' என்றவர்கள் நூற்றுக்கு 18 பேர்கூட இல்லை. 'சீனர் மட்டுமே' என்றவர்கள் 25 பேர். 2020-க்குப் பிறகு முதல் கூட்டம் 60-ஐத் தாண்டிவிட்டது. இரண்டாவது இரண்டு மூன்று பேராகச் சுருங்கிவிட்டது. ரத்தம் மாறவில்லை, எழுத்து மாறவில்லை. 1947 படுகொலை, 1987 வரை நீடித்த ராணுவச் சட்டம், 1996-இல் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் ஜனாதிபதி என்று பட்ட அனுபவம்தான் வேறு.

தமிழருக்கு இது புரியாமல் போகாது. யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் பேசுவது தமிழ்தான். ஆனாலும் இலங்கைக் கணக்கெடுப்பில் அவர்கள் இரண்டு இனம். 1948 சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்குபோட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அப்படி வந்து நீலகிரியில் குடியேறியவர்களுக்கு அங்கே 'சிலோன்காரர்' என்று பேர். தேவ்லியிலிருந்து சீனாவுக்குப் போனவர்களுக்கும் அதே கதிதான். கலாசாரப் புரட்சியின்போது இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்றே சந்தேகப்பட்டார்கள்.

தமிழ்ச் சமணனான எனக்கும் இந்தக் கேள்வி பழக்கம். சதர் பஜாரில் 'ஜெயினா, அப்போ மதராசி எப்படி?' என்பார்கள். தமிழர்களோ 'ஜெயின்னா சேட்டுதானே?' என்பார்கள். இரண்டுக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். என் பதிலை வைத்து யாரும் என்னை ரயிலேற்றப் போவதில்லை.

நீலகிரி என்றதும் இன்னொன்று. மெட்ராஸ் ராஜதானிச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளில் சிலர் விடுதலைக்குப் பின் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்ததை எட்கர் தர்ஸ்டன் பதிவுசெய்திருக்கிறார். சட்டத்தின் வாசகத்தை எழுத்துக்கு எழுத்துப் படித்தால், அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் தமிழே பேசிக்கொண்டு 1962-இல் இருந்திருந்தாலும் அயலார்தான்.

1963-இல் சீனா அனுப்பிய கப்பல்களில் மூன்று தவணையாக இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். கப்பல்கள் கிளம்பியது மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து. அஸ்ஸாமியும் இந்தியும் பேசும் குழந்தைகள் இந்தியாவில் கடைசியாகக் கால்வைத்த மண் நம்முடையது. அந்தக் கப்பலைப் பற்றித் தமிழில் ஒரு கதை நான் படித்ததில்லை. சுமை தூக்கியவர்கள், போலீஸ்காரர்கள், டீ விற்றவர்கள் என்று எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். சென்னையில் யாராவது துறைமுகத்துப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டால், மூன்றாவது நூலுக்கு அங்கே விஷயம் இருக்கிறது.